குடைக்கடைக்காரி தேர்ந்தெடுத்த பருவம்

அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று கரையில் உட்கார்ந்திருந்தவன் கதை எல்லோருக்கும் தெரியும். அவனாவது ஒற்றை ஆள். அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர், ஆளுக்கொரு கரையில், அப்படி வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்களுக்கு வரவில்லை.

அக்காவைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும்தான் அந்த வீட்டில் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம். பெரியவளும் அவள் கணவரும் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார்கள். பெயருக்குத்தான் அது குடைக்கடை. மழை நின்ற மறுவாரமே குடைகள் பரணுக்கு ஏறிவிடும். ஸ்வெட்டரும் மப்ளரும் கம்பளியும் இறங்கும். குளிர் விட்டதும் அவை மேலே போய்த் தொப்பியும் மேஜை விசிறியும் கீழே வரும். விசிறி விற்றுக்கொண்டிருக்கும்போதே அடுத்த மழைக்குக் குடை எடுக்க வேண்டும். மற்ற கடைக்காரர்களுக்கு வருஷத்தில் ஒரு மாதமாவது ஈ ஓட்டுகிற காலம் என்று ஒன்று உண்டு. "நமக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல. ஈ வந்தாலும் ஏதாவது வாங்கிட்டுத்தான் போகுது" என்பார் கடைக்காரர்.

சின்னவள் பெரியவளுக்கு ரொம்பப் பிந்திப் பிறந்தவள். அம்மா போனபோது அவளுக்குத் தன் செருப்பைத் தானே மாட்டத் தெரியாது. குளிப்பாட்டியது, தலை வாரியது, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் பெரியவள்தான். அப்படி வளர்ந்த பெண், ஓட்டல் நிர்வாகம் படிக்கப் போன இடத்தில் கூடப் படித்த ஒருவனைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டாள். பையன் மலை தேசத்துக்காரன். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவன் மாதிரி இருப்பான். கல்யாணம் முடிந்ததும் இருவரும் அவன் ஊருக்கே போய், அவன் அப்பா விட்டுப்போன மலைச்சரிவு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பெரியவள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு, கடையிலிருந்தும் ஒன்று கொடுத்தாள். மரக் கைப்பிடி போட்ட பெரிய கறுப்புக் குடை. "ரெண்டு பேரும் சேர்ந்து நடந்தா ரெண்டு பேரும் நனையக் கூடாது. அந்த அளவு பாத்து எடுத்தேன்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு சின்னவள் இந்தப் பக்கம் வந்தது ஓரிரு முறை, அதுவும் வந்த காலோடு. பெரியவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. போனில் மட்டும் குறைவில்லை. என்ன பேசினாலும் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்.

"எப்பக்கா வர்றே?"

"நீ சொல்லு, எப்ப வரட்டும்?"

"பூ பூக்கிற மாசத்துல வா. சரிவு பூரா செவப்பா இருக்கும்."

"அப்ப உனக்கு ரூமெல்லாம் நிறைஞ்சிருக்குமே. நான் வந்து ஒரு ரூமை அடைச்சுக்கிட்டு உக்காந்தா உன் பொழப்பு என்னாகுறது?"

"சரி, மழை விட்டதும் வா. வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். ஜன்னலைத் திறந்தா பனிமலை மூஞ்சிக்கு நேரா நிக்கும்."

"அப்பதான்டி இங்க ஸ்வெட்டர் இறங்குது. உங்க மாமா ஒண்டியா என்ன பண்ணுவாரு? குளிர்ல வரட்டா?"

"ஐயோ, பனி விழுந்தா ரோட்டையே மூடிடுவாங்க. வந்தேன்னா திரும்பிப் போக மாட்டே."

"அப்ப மழையில?"

இந்த இடத்துக்கு வந்ததும் சின்னவள் குரல் கறாராகிவிடும். "மழையில மட்டும் வராதே. மண்ணு சரியும், அட்டை கடிக்கும், மலையே தெரியாது. அவ்வளவு தூரம் வர்ற உனக்கு மலையைக் காட்டாம எப்படி அனுப்புவேன்?"

மழைக்காலத்தில் குடைக்கடையை விட்டு நகர முடியாது என்பதால் பெரியவளும் அதுவும் சரிதான் என்று விட்டுவிடுவாள். ஆக, தங்கைக்கு நேரமிருக்கும் காலத்தில் மலை இருக்காது. மலை இருக்கும் காலத்தில் தங்கைக்கு நேரமிருக்காது. இரண்டும் ஒத்துவந்தால் அக்காவுக்குக் கடை இருக்கும். ஒருத்திக்கொருத்தி சிரமம் கொடுக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே வருஷங்கள் ஓடின. பாசம் அதிகமானால் இப்படியும் ஒரு வினை உண்டு.

உள்ளதைச் சொன்னால், பெரியவளுக்கு மலையின்மேல் அப்படியொன்றும் ஆசை இல்லை. மேடான இடம், ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான் அவள் அபிப்பிராயம். அவளுக்குப் பார்க்க வேண்டியது தங்கையை. போனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்க்கா" என்பாள். அனுப்புகிற படங்களில் எப்போதும் வெயில், எப்போதும் பூ, பின்னால் பளபளவென்று பனிமலை. சின்ன வயதில் விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டாலும் பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு "ஒண்ணுமில்லக்கா" என்று சொன்ன பெண் அவள். அவள் நல்லா இருக்கேன் என்று சொல்லும்போதெல்லாம் பெரியவளுக்கு அந்தப் பாவாடை ஞாபகம்தான் வரும்.

இந்த வருஷம் அங்கே மழை தொடங்கிய பிறகு ஒருநாள் சின்னவள் கூப்பிட்டாள். பெரியவள் கடையில் ஒருவருக்குக் குடையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பேசியவள், பாதியில் பேச்சை நிறுத்தினாள்.

"எங்கடி நிக்கிறே?"

"அடுப்படியிலதான்க்கா."

"குடை சத்தம் கேக்குதே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, லைன்ல இரைச்சல். அப்புறம் பேசுறேன்க்கா" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குடையோடு குடையாக வாழ்கிறவளிடம் போய் இரைச்சல் என்று சொன்னால் எடுபடுமா? விறைத்த குடைத் துணியின்மேல் தண்ணீர் விழும் சத்தத்தைப் பெரியவள் தூக்கத்திலும் கண்டுபிடிப்பாள். அன்று முழுக்க அவளுக்குக் கை ஓடவில்லை. பெரிய உடம்புக்காரர் ஒருவருக்குப் பூனைப் படம் போட்ட குழந்தைக் குடையைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். அவர் திரும்பி வந்து சண்டை போட்ட பிறகுதான் கடைக்காரர் மனைவியைக் கவனித்தார்.

"என்னாச்சு உனக்கு?"

"அவ மழையில நின்னு பேசுறாங்க. கேட்டா அடுப்படிங்கறா."

"ஏதோ வேலையா வெளிய வந்திருப்பா."

"வெளிய வந்திருந்தா வெளிய நிக்கிறேன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்குப் பொய்? ஒண்ணுமில்லன்னு வேற சொன்னா."

கடைக்காரருக்கு அந்த 'ஒண்ணுமில்ல'யின் வரலாறு தெரியும். ஆனாலும் மனைவியின் காதைச் சோதித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. சோதனை வீட்டிலேயே நடந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் ஒரு குடையோடும் போனோடும் குளியலறைக்குள் போனார். பெரியவள் கடைக்கு முன்னால் நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டாள். முதலில் ஷவரைத் திறந்தார்.

"இல்ல. இது சாரல்" என்றாள் பெரியவள்.

வாளித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு குடைமேல் ஊற்றினார்.

"இது கொட்டுது. அங்க கொட்டல."

குளியலறைக் கொடியில் ஊறிய துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே போய் நின்றார். துண்டின் நுனியிலிருந்து தண்ணீர் திரண்டு திரண்டு, விட்டு விட்டு, பட்டென்று குடைமேல் விழுந்தது.

"இதேதான்!" என்று பெரியவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இது நேரா விழுற மழை இல்லங்க. எங்கயோ தங்கி, தேங்கி, அங்கிருந்து சொட்டுற தண்ணி. கூரை விளிம்பு. அவளைக் கூரைத் தாழ்வாரத்துக்கு வெளிய நிக்க வச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள நின்னு அக்காகூடப் பேச விட மாட்டேங்குறாங்க."

தலை முதல் கால் வரை நனைந்து வந்த கடைக்காரர் துண்டைத் தேடினார். "விடுதிக்காரனா? அவன் ஒரு ஈயைக்கூட விரட்ட மாட்டானே."

"பேசாதவங்களை நம்பவே கூடாது."

"நான் வாய் ஓயாம பேசுறேனே, என்னை நம்புறியா?"

"வெளையாடாதீங்க. நான் அங்க போகணும்."

"போலாம். மழை விட்டதும்..."

"இப்பவே."

கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். இங்கேயும் மழைக்காலம் வாசலில் வந்து நிற்கிறது. பரணிலிருந்து குடைகள் இப்போதுதான் இறங்கியிருக்கின்றன. "மழைக்காலத்துல குடைக்கடைக்காரி ஊருக்குப் போனான்னா, முகூர்த்த நேரத்துல பொண்ணு காணாம போன மாதிரி ஆகும்டி. அதோட அங்க இதுதான் இருக்கிறதுலயே மோசமான காலம்னு அவளே சொல்றா."

"அதனாலதான் போறேன்." பெரியவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "சாம்பிள் குடை வந்தா நாம எங்க வச்சுப் பாக்குறோம்?"

"மொட்டை மாடியில. மழை பெய்யும்போது, காத்தடிக்கும்போது."

"ஏன்?"

"கடைக்குள்ள விரிச்சா எல்லாக் குடையும் நல்ல குடைதான்."

"அவ்வளவுதான். இத்தனை வருஷமா அவ எனக்குக் கடைக்குள்ள விரிச்சே காட்டிக்கிட்டு இருக்கா. நான் மழையில பாக்கணும்."

கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர்தான். ஆனால் தன் வாயாலேயே தன்னை மடக்கியவளிடம் என்ன பேசுவது? அவருக்கும் சின்னவள் என்றால் உயிர். கல்யாணமாகி வந்தபோது மனைவியோடு சேர்ந்து வந்த அந்தக் குட்டிப்பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு கடை திறந்தவர் அவர். "போயிட்டு வா. கடையை நான் பாத்துக்கறேன். பூனைக் குடையை மட்டும் எங்க வச்சேன்னு சொல்லிட்டுப் போ" என்றார்.

பயண அலுவலகத்துக்காரர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. மலை தேசத்துக்கு டிக்கெட் என்றதும் முகம் மலர்ந்தவர், எப்போது என்று கேட்டதும் வாடிவிட்டார். சுவரில் வண்ணப் படங்கள். பூக்களோடு ஒன்று, பனியோடு ஒன்று, நீல வானத்தோடு ஒன்று.

"அம்மா, இந்த மாசம் படமே கிடையாது பாருங்க. சும்மா கூட்டிட்டுப் போறோம்னாலும் யாரும் ஏற மாட்டாங்க. ரெண்டு மாசம் பொறுங்க, மலை கண்ணாடி மாதிரி தெரியும்."

"மலை எனக்கு வேண்டாம் தம்பி."

"மலை தேசத்துக்கு மலை வேண்டாம்னா போறீங்க?"

"ஆமா. நீங்க டிக்கெட்டைப் போடுங்க."

சின்னவளிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் காரணம் வரும், அதோடு வீட்டைத் துடைத்துவைத்து முகத்தையும் துடைத்துவைத்துக்கொள்வாள். சொல்லாமல் போவதுதான் மொட்டை மாடியில் வைத்துப் பார்ப்பது.

வழி நெடுக மழை. ரயிலில் இருந்தவரை அது ஜன்னலுக்கு வெளியே பெய்தது. பஸ் ஏறிய பிறகு ஜன்னலுக்கு உள்ளேயும் பெய்தது. சாலை மேலே ஏற ஏற, மேகம் கீழே இறங்கி வந்து பஸ்ஸைச் சுற்றிக்கொண்டது. ஓரிடத்தில் மண் சரிந்து கிடந்தது. வாரி ஒதுக்கும்வரை வண்டிகள் எல்லாம் வரிசையாக நின்றன. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் கூடைக்குள்ளிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "இந்தக் காலத்துல யாரும் வர மாட்டாங்களே, வீட்டுல ஏதாவது கெட்ட காரியமா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். பெரியவள் இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தேநீரைக் குடித்தாள். அதன்பிறகு வழி முழுக்க அவள் மனம் நல்லதாக எதையும் நினைக்கவில்லை. தங்கையை எந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்புவது, அவன் மறித்தால் என்ன சொல்வது, அவன் பேசவே மாட்டானே, பேசாதவனிடம் எப்படிச் சண்டை போடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனாள்.

விடுதி, சாலையிலிருந்து கல்படி ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. பெயர்ப் பலகையைப் பிளாஸ்டிக் உறையால் மூடியிருந்தார்கள். முன்கதவு பூட்டிக் கிடந்தது. படங்களில் பூத்துக் குலுங்கிய தொட்டிகளில் வெறும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பனிமலை நிற்க வேண்டிய திசையில் வெள்ளைத் துணி கட்டிவிட்டது போல ஒரு மேகம். பெரியவள் சுவர் ஓரமாகவே பின்பக்கம் நடந்தாள். பாதி வழியில் அவள் கால் நின்றது.

அதே சத்தம். விறைத்த குடைத் துணியின்மேல், திரண்டு திரண்டு, விட்டு விட்டு, பட்டென்று.

கூரை விளிம்பைப் பார்த்தாள். கீழே யாரும் இல்லை. தாழ்வாரத்துக்கு வெளியே பார்த்தாள். அங்கும் யாரும் இல்லை. சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

தரை எங்கும் வாளிகளும் குண்டான்களும். கூரை நாலு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு இடம் சரியாக அடுப்புக்கு மேலே. அடுப்பின் முன்னால் சின்னவள் நின்று எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் விடுதிக்காரன், அவள் தலைக்கும் அடுப்புக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். சின்னவள் அவனை எதற்கோ திட்டிக்கொண்டிருந்தாள். விறகு பற்றியோ உப்பு பற்றியோ ஏதோ ஒன்று. அவன் "ம்", "ம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் உப்பு ஜாடியை எடுக்க இடப்பக்கம் நகர்ந்தாள், குடையும் நகர்ந்தது. தட்டை எடுக்கக் குனிந்தாள், குடையும் குனிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அவன் யோசிக்கவில்லை, திட்டும் நிற்கவில்லை. குடை முழுக்க அவள் பக்கம் சாய்ந்திருந்ததால் அவனுடைய ஒரு தோள் நனைந்துபோயிருந்தது. பல மழைக்காலமாக இதைச் செய்து பழகிய கை அது என்பது பார்த்ததுமே தெரிந்தது.

தொழில் புத்தி எங்கே போகும்? அந்த நிலையிலும் பெரியவள் கண் குடைக்குத்தான் போனது. மரக் கைப்பிடி. அவள் கொடுத்த அதே குடை. துணி மாற்றியிருந்தார்கள், ஒரு கம்பியைச் செப்புக் கம்பியால் கட்டியிருந்தார்கள், தையல் சுமார்தான். ஆனால் அதே குடை.

மழையில் நின்றபடியே பெரியவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை தூரம் மனதில் தூக்கி வந்த பாரம் அந்த இடத்தில் இறங்கியது. சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எந்த அழுகை எதற்கு என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

முதலில் பார்த்தவன் விடுதிக்காரன். "அக்கா" என்றான். அப்போதும் குடை நகரவில்லை. சின்னவள் திரும்பினாள். கரண்டி குண்டானுக்குள் விழுந்தது. "அக்கா!" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டவள், அடுத்த மூச்சிலேயே அழுகையும் சண்டையுமாக ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த மாசத்துலயா வருவாங்க? எத்தனை வாட்டி சொன்னேன், மழையில மட்டும் வராதேன்னு! மலையும் தெரியாது, தோட்டமும் கிடையாது... ஐயோ, இந்த அடுப்படியை வேற பாத்துட்டியே."

"பாத்துட்டேன்."

"எல்லாத்தையும் பளிச்சுனு வச்சு உனக்குக் காட்டணும்னு இருந்தேன்க்கா. இவ நல்ல இடத்துலதான் வந்து சேந்திருக்கான்னு நீ நினைக்கணும்னு இருந்தேன். குடைக்கடைக்காரி வளத்த பொண்ணு வீடு ஒழுகுதுன்னு தெரிஞ்சா உனக்கு எப்படி இருக்கும்?"

"கூரையைச் சரி பண்ண வேண்டியதுதானேடி?"

"மழையில கூரை ஏற முடியாது. மழை விட்டா தங்குறவங்க வந்துடுவாங்க, அவங்க ரூம் கூரையைப் பாக்கவே நேரம் சரியாப் போயிடும். பனியில மறுபடி ஏற முடியாது. இதுக்கு சீசனே இல்லக்கா."

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் வீட்டில் கேட்ட வசனத்தை மலைமேலும் வந்து கேட்கிறாள். மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் அவள். ஈரப் புடவையை மாற்றி, அடுப்போரம் உட்கார்ந்து, சூடாக ஏதோ கையில் வந்ததும், போனில் கேட்ட சத்தத்தையும், குளியலறைச் சோதனையையும், விடுதிக்காரனைப் பற்றித் தான் நினைத்ததையும் அவன் முன்னாலேயே சொல்லிவிட்டாள். சொல்லி முடித்து, "என்னை மன்னிச்சுடுங்க தம்பி" என்றாள்.

விடுதிக்காரன் வெகுநேரம் யோசித்தான். பிறகு அவன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினான். "நான் இவளை வெளிய நிக்க வச்சா, அதுக்கப்புறம் இவ என்னை உள்ள விடுவாளாக்கா?"

சின்னவள் சிரித்த சிரிப்பில் பெரியவளுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. அந்தச் சிரிப்பு இரைச்சல் இல்லாமல், நேரில், பக்கத்தில் கேட்டது. பாவாடையை இழுத்து மூடுகிற சிரிப்பு இல்லை அது.

மறுநாளும் மழை விட்டபாடில்லை. கீழே எங்கோ கம்பம் சாய்ந்து போனும் சரியாகக் கிடைக்கவில்லை. வந்து சேர்ந்தேன் என்று கடைக்காரருக்கு ஒரு வரி அனுப்ப முடிந்தது, அவ்வளவே. விடுதியில் எல்லா அறைகளும் காலி. ஆனாலும் அக்காவும் தங்கையும் அடுப்படியை ஒட்டிய சின்ன அறையில் ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொண்டார்கள். இத்தனை வருஷக் கதையையும் பேசித் தீர்த்தார்கள். பேசியதையே மறுபடி பேசினார்கள். சின்னவளை முன்னால் உட்கார வைத்துப் பெரியவள் தலை வாரிவிட்டாள். முதல் நரைமுடியைக் கண்டுபிடித்து இருவரும் அதற்கொரு கூத்தடித்தார்கள். பூ பூக்கிற மாதத்திலோ நீல வான மாதத்திலோ வந்திருந்தால், இந்நேரம் சின்னவள் மாடிக்கும் கீழுக்கும் தேநீர்த் தட்டோடு ஓடிக்கொண்டிருப்பாள். பெரியவள் தோட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பனிமலையைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் காலை பால் கொண்டுவரும் அம்மா பின்வாசலில் நின்று, "என்ன, உள்ளயே இருந்துட்டீங்களா? இப்பதான் மேகம் விலகி மலை முழுசாத் தெரிஞ்சுது. இந்த மாசத்துல நான் பாத்ததே இல்ல. இதோ, மறுபடி மூடிடுச்சு" என்றாள்.

சின்னவள் வெறுங்காலோடு வெளியே ஓடினாள். வெள்ளைத் துணி பழையபடி கட்டியிருந்தது. திரும்பி வந்தவள் முகம் அழுகிற பிள்ளை முகமாக இருந்தது. "போச்சுக்கா. என் தலையில பேன் இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தோமே, அந்த நேரத்துல..."

"பேன் இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப சரி, வா" என்று பெரியவள் கம்பளியைத் தூக்கிப் பிடித்தாள். சின்னவள் விம்மிக்கொண்டே உள்ளே நுழைந்துகொண்டாள். அக்காவின் கையில் சீப்பு இன்னும் இருந்தது.

ஊர் திரும்புவதற்கு முந்தைய பகல், சமையல் பெரியவளுடையது. அடுப்படிப் பக்கம் வரக் கூடாது என்று சின்னவளைத் துணி மடிக்க அனுப்பிவிட்டாள். உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கடைக்காரர். அன்றுதான் லைன் கிடைத்திருக்கிறது. எடுத்ததும் கடை நிலவரத்தை எல்லாம் கொட்டினார். குடை பறந்து விற்கிறது, பூனைக் குடை தீர்ந்தது, ராத்திரிச் சாப்பாடு அவரே சமைத்து அவராலேயே சாப்பிட முடியவில்லை. கடைசியில் குரல் இறங்கிற்று.

"அவ எப்படி இருக்கா? உள்ளதைச் சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவரும் குடைக்கடைக்காரர்தானே.

"இரு இரு. குடை சத்தம் கேக்குது. அதே சத்தம்." பின்னால் ஸ்டூல் உருண்டு விழும் சத்தம் கேட்டது. "உன்னையும் வெளிய நிக்க வச்சுட்டாங்களா? எங்க நிக்கிறே நீ?"

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலே கறுப்புக் குடை. கைப்பிடியைப் பிடித்தபடி, ஒரு தோள் நனைய, வாய் திறக்காமல் நின்றுகொண்டிருந்தான் விடுதிக்காரன். அவள் உப்பு எடுக்க நகர்ந்தாள், குடையும் நகர்ந்தது.

"அடுப்படியிலதாங்க" என்றாள் பெரியவள்.